சுவிஸ் காபனா, கொழும்பு அலுமினியமா, ஜப்பான் இரும்பா?

கேள்வி: அண்ணை, நான் புதுக்குடியிருப்பு. வயசு 26, உயரம் 5 அடி 5 அங்குலம். இப்ப லுமாலா சைக்கிள் ஒண்டு வச்சிருக்கிறன், ஞாயிறு ஞாயிறு விடிய வெளிக்கிட்டு பரந்தன் வரைக்கும் ஓடிப்போட்டு வருவன். ஒரு நல்ல றோட் பைக் எடுக்க ஆசை, மூண்டு வழி இருக்கு. ஒண்டு, சுவிசில இருக்கிற அத்தான் தான் ஓடின காபன் பைக்கைத் தாறன் எண்டுறார், அல்டெக்ரா 6800 கியர், 11 ஸ்பீட், சில்லு வளையத்தில பிடிக்கிற றிம் பிறேக், சைஸ் 56, மார்கழியில வரேக்க கொண்டுவருவார், காசு வேண்டாமாம். ரெண்டு, கொழும்பில ஒரு கடையில புது அலுமினியம் பைக், காபன் போர்க் (முன் கவை), சோரா கியர், கேபிளில இழுக்கிற டிஸ்க் பிறேக், 52 சைஸ் இருக்கு. மூண்டு, வவுனியாவில ஜப்பான் ரீகண்டிஷன் சைக்கிள் விக்கிற இடத்தில ஒரு பழைய இரும்பு றோட் பைக், பெயின்ற் அங்கங்க போயிருக்கு ஆனா சரியான வடிவு. பிறேம், கியர், பெயின்ற் எல்லாத்தையும் வச்சுப் பாத்து எதை எடுக்கலாம் எண்டு சொல்லுங்கோ.

பதில்:

தம்பி, உங்கட கடிதத்தை வாசிக்கேக்க என்ர கண்ணில முதல் குத்தினது காபனும் இல்லை அல்டெக்ராவும் இல்லை, அந்த 56 எண்ட இலக்கம்தான். நீங்கள் 5 அடி 5. அத்தான் ஆறடிக்குக் கிட்ட இருப்பார் போல. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக்கூடாது எண்டுவினம், சைக்கிளில மட்டும் நான் முதல் பாக்கச் சொல்லுறது பல்லைத்தான், ஏனெண்டா மாடு சரியில்லாட்டி கட்டிப்போடலாம், சைஸ் சரியில்லாத சைக்கிளில நீங்கள் நாலு மணித்தியாலம் குந்தி இருக்கவேணும்.

இண்டைக்கு வீட்டில ஒரு வேலை செய்யுங்கோ. வெறுங்காலோட சுவரில முதுகு முட்ட நிண்டு, ஒரு தடிச்ச புத்தகத்தை ரெண்டு காலுக்கும் நடுவில வச்சு சீற்றில குந்தினமாதிரி மேல இறுக்கிப் பிடிச்சு, புத்தகத்தின்ர மேல் விளிம்பில பென்சிலால கோடு போட்டு, நிலத்தில இருந்து அந்தக் கோடு வரைக்கும் அளந்து பாருங்கோ. உங்கட உயரத்துக்கு 76, 77 சென்ரிமீற்றர் அளவில வரும். அதை 0.67 ஆல பெருக்கினா 51க்கும் 52க்கும் நடுவில நிக்கும், பழைய கணக்கில உங்கட பிறேம் சைஸ் அதுதான். அதே அளவை 0.883 ஆல பெருக்குங்கோ, 77 எண்டா 68 சென்ரிமீற்றர் வரும், கிராங் (பெடல் பூட்டுற கை) சுத்துற அச்சின்ர நடுவில இருந்து சீற்றின்ர மேற்பக்கம் வரைக்கும் இருக்கவேண்டிய உயரம் அது. 1986, 1989, 1990 எண்டு மூண்டு தரம் ரூர் டி பிரான்ஸ் வெண்ட கிரெக் லெமொண்ட் காலத்தில பேர் எடுத்த கணக்கு, இப்ப கம்பியூட்டரில பொருத்திப் பாக்கிற ஆக்கள் சிரிப்பினம், ஆனா எங்கட ஊரில அளவுகோல்தான் கம்பியூட்டர், தொடங்கிறதுக்கு இது காணும்.

பேந்து ரெண்டு சொல்லை மனசில வச்சிருங்கோ, ஸ்ராக், ரீச். கிராங் அச்சின்ர நடுவில இருந்து ஹெட் ரியூப்பின்ர, அதாவது ஹான்டிலுக்குக் கீழ இருக்கிற முன் குழாயின்ர, மேல் நுனி எவ்வளவு உயரத்தில நிக்குது எண்டது ஸ்ராக், எவ்வளவு முன்னுக்கு நிக்குது எண்டது ரீச். 52, 54, எம், எஸ் எண்டு ஒட்டியிருக்கிறதை நம்பாதேங்கோ, ஒரு கொம்பனியின்ர 52 இன்னொரு கொம்பனியின்ர 54, ஆனா ஸ்ராக்கும் ரீச்சும் மில்லிமீற்றரில இருக்கும், அது பொய் சொல்லாது. 56 பிறேம் ஒண்டு உங்கட சைஸைவிட ஒண்டு ஒண்டரை சென்ரிமீற்றர் நீளமாயும் மூண்டு நாலு சென்ரிமீற்றர் உயரமாயும் இருக்கும். ஹான்டிலைப் பிடிக்கிற ஸ்ரெம்மைக் கட்டையாக்கலாம், சீற்றை முன்னுக்குத் தள்ளலாம், தள்ளித் தள்ளி ஒருமாதிரி ஏறி ஓடலாம், ஆனா 30 கிலோமீற்றர் தாண்ட உள்ளங்கை விறைக்கும், கழுத்து பிடிக்கும், பேந்து பைக் சுவரில சாத்தினபடி இருக்கும். எங்கட கடைக்கு வாற வெளிநாட்டு பைக்கில அரைவாசி இந்தக் கதைதான், ஆரோ ஒரு மாமா குடுத்தது, ஆரோ ஒரு பொடியன் எட்டி எட்டி ஓடுறான்.

சைஸ் முடிஞ்சுது, இனி பிறேம்.

காபன் கெட்டது எண்டு நான் சொல்லேல்லை. ஒரு சாதாரண அலுமினிய றோட் பிறேம் 1.2, 1.5 கிலோ வரும், காபன் ஒரு கிலோவுக்கு அங்க இங்க, இரும்பு நல்ல குழாய் எண்டாலும் 1.8, 2 கிலோ. இதில 400 கிராம் வித்தியாசம் எண்டு ஆக்கள் நித்திரை கொள்ளாம யோசிக்கினம், அது உங்கட போத்தலில பாதித் தண்ணி. சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2000 ஆம் ஆண்டில இருந்து போட்டி பைக் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது எண்டு வச்சிருக்கு, அதுவும் அல்ப்ஸ் மலை ஏறுற ஆக்களுக்கு. வன்னியில ஏத்தம் எண்டா இரணைமடுக் குளக்கட்டுத்தான். எங்களுக்கு எதிரி பாரம் இல்லை, காத்து. சோளகம் எண்ட தென்மேல் காத்துப் பிடிச்ச மாசங்களில நீங்கள் புதுக்குடியிருப்பில இருந்து பரந்தனுக்கு மேற்க போகேக்க அது முகத்தில அடிக்கும், பளையில காத்தாலை நட்டிருக்கிறது சும்மா வடிவுக்கே? அந்தக் காத்துக்குள்ள 400 கிராம் குறைஞ்ச பிறேம் ஒண்டும் செய்யாது, ஆனா உங்கட முதுகு வடிவா மடங்கி முழங்கை உள்ளுக்க நிக்கிற சைஸ் கனக்கச் செய்யும். திரும்பவும் சைஸுக்கே வந்திட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

அலுமினியம் ஏன் தடிச்ச குழாயா இருக்கு எண்டு சிலபேர் கேக்கிறவை. அலுமினியத்தின்ர விறைப்பு இரும்பின்ர மூண்டில ஒண்டு, பாரமும் மூண்டில ஒண்டு. குழாயின்ர விட்டத்தைக் கூட்டினா விறைப்பு மளமள எண்டு ஏறும், அதால தடிச்ச குழாயாச் செய்து விட்ட விறைப்பைத் திரும்ப எடுக்கினம். அதாலதான் பழைய அலுமினிய பைக் உடம்பை உலுப்பும் எண்டு பேர் வாங்கினது. இப்ப வாற பிறேமில 28, 32 மில்லிமீற்றர் அகல ரயர் போடலாம், காத்தைக் கொஞ்சம் குறைச்சு அடிச்சா அந்தக் குலுக்கல் ரயரிலயே போயிடும். மற்றது, இரும்பு ஒரு அளவுக்குக் கீழ வளைஞ்சு நிமிந்தா எத்தினை லட்சம் தரம் எண்டாலும் தாங்கும், அலுமினியத்துக்கு அப்பிடி எல்லை இல்லை, ஒவ்வொரு உலுக்கலும் கணக்கில ஏறும். பயப்பிடாதேங்கோ, அதைத் தெரிஞ்சுதான் தடிப்பாச் செய்யினம், கனகாலம் வரும். ஆனா வெல்டிங் ஓரத்தில மயிர்போல கோடு கண்டா அண்டைக்கே நிப்பாட்டுங்கோ, எங்கட வெல்டிங் கடையில குடுத்து ஒட்டாதேங்கோ. 6061 எண்ட அலுமினியத்தை ஒட்டினா பேந்து சூளையில போட்டு பதம் ஏத்தவேணும், அது இல்லாட்டி ஒட்டின இடம் பிறகும் உடையும்.

இரும்பு எண்டா அந்தக் கவலை இல்லை எண்டு எல்லாரும் சொல்லுறவை, அதில பாதி உண்மை. ஜப்பான் பழைய பைக்கில சீற் ரியூப்பில ராங்கே, இஷிவாட்டா எண்டு ஒரு ஸ்ரிக்கர் இருந்தா அது நல்ல குழாய், நுனியில தடிப்பு நடுவில மெலிவு, நடுவில 0.6 மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். எங்கட ஆக்கள் கரியர் ஒட்டுற ஆர்க் வெல்டிங்கை அதில வச்சா ஓட்டை விழும். பித்தளை உருக்கி ஒட்டத்தெரிஞ்ச பழைய ஆள் ஆரும் இருந்தாச் சரி. என்ர அப்பர் அப்பிடி ஒட்டினவர், 90களில பெற்றோல் இல்லாத காலத்தில எங்கட சனத்துக்கு சைக்கிள்தான் லொறியும் அம்புலன்சும், டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டதும் அதிலதான், விறகு நூறு கிலோ கட்டி வாற சைக்கிளின்ர பிறேம் வெடிச்சா அடுத்தநாள் விடிய ஓடவேணும் எண்டு இரவிரவா ஒட்டிக் குடுப்பார். அந்தப் பிறேமெல்லாம் தடிச்ச சாதாரண இரும்பு, ராங்கே இல்லை, அதால தாங்கினது.

இனி பெயின்ற். நீங்கள் அதைக் கடைசியாக் கேட்டிருக்கிறியள், நான் அதில கொஞ்ச நேரம் நிக்கப்போறன், ஏனெண்டா பெயின்ற் வடிவுக்கு மட்டும் இல்லை, அது சாட்சி.

சில வருசத்துக்கு முதல் நான் ஒரு செக்கண்ட்ஹாண்ட் காபன் பிறேம் வாங்கினன். மற் கறுப்பு, அதாவது பளபளப்பில்லாத கறுப்பு, ஒரு கீறல் இல்லை, ஸ்ரிக்கரும் இல்லை, வித்த ஆள் ஸ்ரைலுக்கு அடிச்சது எண்டார், நானும் சைக்கிள் வேலை செய்யிற ஆள் எண்ட பெருமையில தலையை ஆட்டிப்போட்டு காசை எண்ணிக் குடுத்தன். மூண்டு மாசம் ஓடினன். ஒரு நாள் ஆனையிறவுப் பாலம் தாண்டேக்க ஒவ்வொரு மிதிக்கும் டிக் டிக் எண்டு ஒரு சத்தம், பெடல் எண்டு நினைச்சன், கழட்டிக் கிறீஸ் போட்டன், பெயரிங் எண்டு நினைச்சன், மாத்தினன், சீற் கம்பியைக் கழட்டித் துடைச்சன், ஒண்டும் இல்லை. கடைசியா கீழ்க்குழாயில கிராங்குக்குக் கிட்ட பெயின்ற் ஒரு வட்டமாக் கொப்பளிச்சிருந்ததைச் சுரண்டிப் பாத்தா உள்ளுக்க வெடிப்பு, அதுக்கு மேல புட்டி, அதுக்கு மேல அந்த மற் கறுப்பு. வித்த ஆளுக்கு போன் எடுத்தா தனக்குத் தெரியாதாம். இருக்கலாம், ஆனா அந்தப் புட்டியை ஆரோ ஒராள் தெரிஞ்சுதான் பூசினது. அண்டையில இருந்து திரும்பப் பெயின்ற் அடிச்ச காபன் எண்டா நான் கிட்டவும் போறேல்லை, கீறலோட கம்பனி பெயின்ற் இருக்கிறது எவ்வளவோ மேல், கீறல் கதை சொல்லும்.

அதால வவுனியா இரும்பில பெயின்ற் போயிருக்கு எண்டு நீங்கள் எழுதினது எனக்கு நல்ல சேதியாத்தான் பட்டது. பெயின்ற் போன இடத்தில மேலால கபிலத் தூள் மாதிரி துரு இருந்தா அது தேய்ச்சா போகும். பெயின்ற் கொப்பளிச்சு, நகத்தால அமத்தினா உதிர்ந்து பள்ளம் விழுந்தா அது உள்ளுக்க இருந்து வந்த துரு, விட்டுட்டு வாங்கோ. சீற் கம்பி அசையுதோ, ஹான்டில் தண்டு அசையுதோ எண்டு கடையிலயே கழட்டிக் காட்டச் சொல்லுங்கோ. அலுமினியக் கம்பி இரும்புக் குழாய்க்குள்ள இருபது வருசம் கழட்டாம இருந்தா ரெண்டும் ஒண்டை ஒண்டு தின்னு ஒட்டிப்போயிருக்கும், அதைக் கழட்டுறதுக்கு நான் வாங்கிற கூலி பைக்கின்ர விலைக்குக் கிட்ட வரும். கிராங் இருக்கிற குழாயைக் கவிட்டு உள்ளுக்க ரோச் அடிச்சுப் பாருங்கோ, தண்ணி இறங்கி நிக்கிற இடம் அதுதான்.

அலுமினியத்துக்கு பெயின்றுக்குக் கீழ வேற ஒரு வருத்தம், உப்பு. புதுக்குடியிருப்பில இருந்து கடல் கனதூரத்தில இல்லை, நீங்கள் முல்லைத்தீவுப் பக்கம் ஓடினாலும் ஆனையிறவுப் பக்கம் ஓடினாலும் உப்புக்காத்துத்தான். போத்தல் கூடு பூட்டுற திருகாணி ஓட்டைகளைச் சுத்தி பெயின்ற் புழு ஊர்ந்தமாதிரி கோடு கோடாக் கிளம்பும், அலுமினியத்தில இரும்பு ஆணி, நடுவில உப்புத் தண்ணி, வேற என்ன வேணும்? புதுசா வாங்கினாலும் முதல் நாள் எல்லா ஆணியையும் கழட்டிக் கொஞ்சம் கிறீஸ் பூசித் திரும்பப் பூட்டுங்கோ. காபன் பிறேமுக்குள்ள அலுமினிய சீற் கம்பி எண்டாலும் இதே வருத்தம் வரும், காபனும் மின்சாரம் கடத்திற சாமான் எண்டு கனபேருக்குத் தெரியாது. காபனுக்குள்ள காபன் கம்பி எண்டா கிறீஸ் போடாதேங்கோ, அதுக்கெண்டு மணல் மாதிரி நறுநறுத்த பசை ஒண்டு இருக்கு, அதைப் போட்டு, இறுக்கிற அளவு அதிலேயே அடிச்சிருக்கும், கனக்க இடத்தில 5 நியூட்டன் மீற்றர், அதுக்குமேல இறுக்கினா முட்டைக்கோது மாதிரி நொறுங்கும்.

பளபளப்பா மற்றா எண்டு கேட்டா, எங்கட செம்மண் கிரவலுக்கு பளபளப்புத்தான். மற் பெயின்றில எண்ணைக்கை பட்டாக் கறை, கேபிள் உரசினா அந்த இடம் மட்டும் பளபளக்கும், செம்புழுதி ஊறினா சாம்பல் சிவப்பாயிடும். பளபளப்பில கீறினா வாகன பொலிஷ் போட்டு தேய்க்கலாம், ஆழமாக் கீறினா அக்கா தங்கச்சியின்ர நகப்பூச்சில நிறம் பாத்து ஒரு பொட்டு, நான் சிரிக்கேல்லை, கடையில ஒரு பெட்டி நிறைய வச்சிருக்கிறன். பவுடர் கோட்டிங் தடிப்பு, கல்லடிக்குத் தாங்கும், இரும்பு பிறேமைத் திரும்ப அடிக்கிறதெண்டா அதுதான் நல்லம், ஆனா நூல் வெட்டின ஓட்டைகளையும் பெயரிங் இருக்கிற இடத்தையும் மூடிப்போட்டு அடிக்கச் சொல்லவேணும், கேற் அடிக்கிற ஆக்களிட்ட குடுத்தா சொல்லாட்டி எல்லாத்திலயும் அடிச்சுத் தருவினம்.

கியர் கதைக்கு வருவம். கியர் செய்யிற சிமானோ கொம்பனியில, ஸ்பீட் எண்டுற பின் பற்சக்கர எண்ணிக்கையோட சொன்னா, கீழ இருந்து மேல கிளாறிஸ் 8, சோரா 9, தியாகிரா 10, பேந்து 105, அல்டெக்ரா, டுராஏஸ் எண்டு போகும், மேல மூண்டும் முந்தி 11, இப்ப 12. மேல போகப் போக பாரம் குறையும், கை வலிக்காம மாறும், ஆனா ஒரு ஆள் கியர் மாத்தாம நேர் றோட்டில போகேக்க ஆர் எந்தக் கியர் எண்டு தெரியாது. செயின் மெலிஞ்சு மெலிஞ்சு போறது மட்டும் தெரியும், விலையில தெரியும். 8, 9 ஸ்பீட் செயினும் கசெற்றும் (பின் பற்சக்கரக் கட்டு) மலிவு, பிழையாச் சரிசெய்தாலும் ஒருமாதிரி ஓடும், புழுதி தாங்கும். 11, 12 கொஞ்சம் தேய்ஞ்சாலே பல்லைத் தின்னத் தொடங்கும். ஒரு அடிமட்டத்தை எடுத்து செயின் ஊசி நடுவில வச்சு 12 அங்குலம் தள்ளி இருக்கிற ஊசியைப் பாருங்கோ, புதுச் செயினில அது சரியா 12 இல நிக்கும். அங்குலத்தில பதினாறில ஒரு பங்கு தள்ளி நிண்டா செயினை மாத்துங்கோ, எட்டில ஒரு பங்கு தள்ளினா கசெற்றும் போச்சு.

அத்தான்ர அல்டெக்ரா 6800 நல்ல செற், 2013 இல வந்தது, நான் கனக்கப் பூட்டியிருக்கிறன். ஆனா ரெண்டு விசயம். சிமானோ 2023 புரட்டாதியில உலகம் முழுக்க ஒரு அறிவிப்பு விட்டது, 2019 யூலைக்கு முந்திச் செய்த 11 ஸ்பீட் அல்டெக்ரா, டுராஏஸ் கிராங்குகளைப் பரிசோதிக்கவேணும் எண்டு, ரெண்டு பாதியா ஒட்டிச் செய்த கிராங் கை, அந்த ஒட்டு பிரிஞ்சுபோகலாம். 6800 அந்தப் பட்டியலில இருக்கு. பரிசோதனையை சிமானோ கடைக்காரர் ஓசியாச் செய்வினம், பிரிஞ்சிருந்தா மாத்தியும் தருவினம், ஆனா அத்தான் அங்க நிக்கேக்கயே கொண்டுபோய்க் காட்டவேணும், இஞ்ச வந்தாப்பிறகு நீங்கள் ஆரிட்ட போவியள்? மற்றது அந்த வகை கியர் மாத்துற லீவருக்குள்ள பின்கியர் கேபிள் நார் நாரா அறுந்து உள்ளுக்க சிக்கும், கியர் மாறுறது திடீரெண்டு சோம்பலானா அறப்போகுது எண்டு அர்த்தம், அறுறதுக்கு முதல் மாத்தவேணும்.

கொழும்பு பைக்கில சோரா எண்டு எழுதியிருந்தா நம்பி வந்திடாதேங்கோ. லீவரும் பின்கியரும் சோரா, கிராங் வேற, செயின் வேற, பிறேக் பேர் தெரியாத ஒண்டு, உப்பிடித்தான் கனக்க வரும். பிழை இல்லை, ஆனா விலை கதைக்கேக்க தெரிஞ்சிருக்கவேணும். ஒவ்வொண்டையும் கவிட்டு பேரை வாசியுங்கோ. கிராங் பெயரிங் நூல் வெட்டிப் பூட்டுறதோ அமத்தி ஏத்தினதோ எண்டு கேளுங்கோ, நூல் வெட்டினது எண்டா சந்தோசம், 68 மில்லிமீற்றர் பழைய இங்கிலிஸ் நூல், ஒரு சாவியோட நானே இஞ்ச மாத்தித் தருவன். அமத்தினது எண்டா மண் போய் கிறீச் கிறீச் எண்டும், அதுக்குப் பிறகு என்னட்டையும் உங்களிட்டையும் நித்திரை இருக்காது. முன்னுக்கு 50, 34, பின்னுக்கு 11 இல இருந்து 32 வரை பல்லு இருக்கும், அந்த 34க்கு 32 உங்களுக்கு நுவரெலியா போற அண்டைக்குத்தான் தேவை. கசெற் தேய்ஞ்சு மாத்தேக்க 12 இல இருந்து 25 வரை கிட்டக்கிட்டப் பல்லுள்ளதைப் போடுங்கோ, எதிர்க்காத்தில ஒரு கியர் பாரம், மற்றக் கியர் லேசு எண்டு அந்தரப்படுறது குறையும்.

பிறேக். மலை இறக்கம் இல்லாத ஊரில றிம் பிறேக் காணும் எண்டு நான் கனகாலம் சொல்லிக்கொண்டு திரிஞ்ச ஆள், இப்ப மாத்திச் சொல்லுறன். பிறேக் பிடிக்கிறதுக்காக இல்லை, ரயருக்காக. அத்தான்ர காலத்து றிம் பிறேக் பைக்கில 25, தெண்டிச்சுப் பாத்தா 28 ரயர்தான் போகும். டிஸ்க் பைக்கில 32, 35 போகும். பரந்தன் றோட்டு கார்ப்பெற்தான், ஆனா பஸ் கோண் அடிச்சா நீங்கள் கிரவலுக்கு இறங்கித்தான் ஆகவேணும், மாலையில மாடு குறுக்க படுத்தா அதுக்கும் இறங்கவேணும், 25 ரயரோட கிரவலுக்க இறங்கிறது எண்டா முறிகண்டிப் பிள்ளையாருக்கு முதலே தேங்காய் உடைச்சுப்போட்டு வெளிக்கிடவேணும். கேபிள் டிஸ்க் எண்டா எண்ணைச் சிக்கல் இல்லை, கேபிள் எல்லாக் கடையிலயும் இருக்கு, பிறேக் கட்டை (பாட்) தேய்ஞ்சா சின்னத் திருகாணியால கிட்டக் கொண்டுவரலாம், உங்களுக்கு அது நல்லம்.

ரயர் எண்டதும் ஒரு பொறி இருக்கு, கனபேர் விழுந்திருக்கினம். றோட் பைக் றிம் 700சி, அதின்ர உண்மையான அளவு 622 மில்லிமீற்றர். உங்கட லுமாலா 28 இஞ்சி, ஒண்டரை ரயர் எண்டா அது 635. பழைய ஜப்பான் பைக் கனக்க 27 இஞ்சி, அது 630. மூண்டும் பக்கத்தில வச்சா ஒண்டுபோல, ஒண்டின்ர ரயர் மற்றதில ஏறாது, அல்லது ஏறிக் கழண்டுபோம். ரயரின்ர பக்கத்தில சின்ன எழுத்தில அந்த மூண்டு இலக்க எண் இருக்கும், அதைப் பாத்து வாங்குங்கோ. வவுனியா பைக்கில 630 எண்டு இருந்தா ரயருக்கு அலைவியள், அதையும் விலையில கழியுங்கோ.

அப்ப எதை? கொழும்பு அலுமினியம்தான் தம்பி, ஆனா 52 எண்ட ஸ்ரிக்கருக்காக இல்லை, கடையில ஸ்ராக்கும் ரீச்சும் கேட்டு, சீற்றை 68 இல வச்சு, செருப்போட இல்லாம சப்பாத்தோட ஏறி, கடைக்காரர் முகம் சுழிச்சாலும் ஒரு இருபது நிமிசம் ஓடிப்பாத்துச் சரி எண்டா. காசை முழுக்க பைக்கில போடாதேங்கோ, கையில 100 ரூபா எண்டா 75க்கு பைக், மிச்சம் ஹெல்மெற், முன் பின் லைற், பம்ப், ரெண்டு ரியூப். அந்த றோட்டில இருட்டில லைற் இல்லாம வாறதுக்கு எந்த பிறேமும் உதவாது. வவுனியா பைக் துருச் சோதனையில பாஸ் எண்டா, சைஸும் சரி எண்டா, கை அரிக்கிற ஆள் எண்டா பேந்து ஒரு காலம் வாங்குங்கோ, கழட்டிப் பூட்டிப் பழக அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில அந்த மாதிரி பைக்குக்கு நெருப்பு விலை, இப்ப பேசி எடுக்கலாம்.

அத்தானிட்ட எப்பிடி வேண்டாம் எண்டுறது, அக்கா என்ன நினைப்பா எண்டு யோசிப்பியள். வேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ. அளவு அளந்த கடுதாசியைப் போட்டோ எடுத்து அனுப்பி, 56 எனக்கு எட்டாது அத்தான், அதை அங்கயே வித்துப்போட்டு எனக்குச் சின்னச் சாமான் கொஞ்சம் கொண்டுவாங்கோ எண்டு கேளுங்கோ, ஓடுற ஆள் எண்டா அவருக்கு விளங்கும். அந்தச் சாமான்தான் எங்களுக்கு இஞ்ச கிடைக்காதது. முதலாவது, நீங்கள் எடுக்கிற பைக்கின்ர பின்கியர் தொங்குற அந்தச் சின்ன அலுமினியத் துண்டு, ஹாங்கர், ரெண்டு. பைக் வலப்பக்கமா விழுந்தா முதல் வளையிறது அதுதான், ஒவ்வொரு மொடலுக்கும் ஒவ்வொண்டு, அது இல்லாம முழு பைக்கும் மாசக்கணக்கா நிக்கும், அதால பைக்கை வாங்கிப்போட்டு மொடல் பேர் சரியா அனுப்புங்கோ. 9 ஸ்பீட் செயின் ரெண்டு, இணைக்கிற லிங் நாலு. 32 ரயர் ஒரு சோடி, முள்ளுக்குத் தாங்கிற பட்டி உள்ளது, எங்கட நெருஞ்சியும் உடைமுள்ளும் பற்றி அவருக்கு நீங்கள் சொல்லத் தேவையில்லை. மெல்லிய வால்வ் உள்ள ரியூப் நாலு, அந்த வால்வுக்குப் பூட்டுற பித்தளைத் தொப்பி ரெண்டு, அது இருந்தா மோட்டச்சைக்கிளுக்குக் காத்தடிக்கிற கடையிலயும் அடிக்கலாம். டிஸ்க் பாட் ரெண்டு சோடி. 5 நியூட்டன் மீற்றரில டக் எண்டு நிக்கிற சின்னச் சாவி ஒண்டு. எல்லாம் சேத்து நாலு கிலோ வராது, அக்கா கொண்டுவாற சொக்கலேற்றுக்கும் பெட்டியில இடம் மிச்சம் இருக்கும்.